இழுத்தடிப்பு

அன்புள்ள ஐயா,

தூக்குத் தண்டனை வேண்டாம் என்று தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். செஷன்ஸ் கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று மூன்று இடத்தில் அலசி ஆராய்ந்த பிறகுதானே தூக்கு உறுதியாகிறது? அதற்கு மேலுமா தப்பு நடக்கும்? தீர்ப்பு வந்தும் வருஷக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் இடத்தில் நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

செல்வராஜ், கரூர்

அன்புள்ள செல்வராஜ்,

சரி, அந்தத் தாயின் இடத்திலேயே நின்று பார்ப்போம்.

2003 ஜூன், மகாராஷ்டிரம். வயல்காட்டுக் குடிசை ஒன்றில் ராத்திரி புகுந்த கும்பல் ஐந்து பேரைக் கொன்றுபோட்டது. பாலியல் கொடுமையும் நடந்தது. அந்த வீட்டு அம்மாவும் ஒரு மகனும் மட்டும் உயிர் பிழைத்தார்கள். போலீஸ் தன்னிடமிருந்த பழைய குற்றவாளிகளின் போட்டோ ஆல்பத்தை அந்த அம்மாவிடம் காட்டியது. அவர் நான்கு பேரை அடையாளம் காட்டினார். பிள்ளைகளைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர், ஆல்பத்தைப் புரட்டி, இவன், இவன் என்று காட்டியிருக்கிறார். அந்த நால்வர் பக்கம் விசாரணை போகவே இல்லை.

தண்டனை பெற்றவர்கள் வேறு ஆறு பேர். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். ஒருவருக்குச் சம்பவத்தின்போது 18 வயதுகூட நிரம்பவில்லை. செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. ஹைகோர்ட் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் சுப்ரீம் கோர்ட் அதையும் மாற்றி, ஆறு பேருக்கும் தூக்கு என்றது. நீங்கள் சொல்லும் மூன்று படியும் முடிந்துவிட்டன.

பத்து வருஷம் கழித்து, 2019 மார்ச்சில், அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரையும் விடுதலை செய்தது. இவர்கள் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டவர்கள் என்றது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதற்குள் 16 வருஷம் சிறையில் போய்விட்டது. தூக்குக் கொட்டடியில் ஒவ்வொரு நாள் விடிவதும் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

இழுத்தடிப்பு என்று நீங்கள் கோபப்படுகிறீர்களே, அந்த இழுத்தடிப்பால்தான் ஆறு பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் விஷயம் உங்களுக்கே தெரியும். குண்டுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்தாகிவிட்டது. சென்னை ஹைகோர்ட் தடை கொடுத்ததால் நின்றது. அப்புறம் 2013இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்ற பின்பு, வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். அவர் வழக்கில் கோர்ட் நிரபராதி என்று தீர்ப்பு எழுதவில்லை; 2014இல் ஆயுளாகக் குறைத்து, 2022இல் விடுதலை செய்தது. ஆனால் அந்த ஒரு வரி வெளியே வந்தது, குறித்த நாளுக்கு இரண்டு வருஷம் கழித்து. அன்றைக்கே தூக்கு முடிந்திருந்தால் அது யாருக்கு உதவியிருக்கும்?

மறுபடி அந்த அம்மாவிடம் வருகிறேன். 2009இலேயே ஆறு பேரையும் தூக்கில் போட்டிருந்தால் அந்த ஃபைலை மூடிக் கட்டியிருப்பார்கள். அவர் காட்டிய நால்வரை விசாரியுங்கள் என்று கோர்ட் உத்தரவிட்டதே 2019இல்தான்.