ஆட்டோகேட் 2024 பதிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் 2018 பதிப்பிலிருந்து நேராக 2024 பதிப்புக்கு மாறியிருக்கிறோம். கோட்டை வெட்டும் ட்ரிம் கட்டளை கொடுத்தால், வெட்டும் விளிம்பு எது என்று கேட்காமலே தொட்ட கோட்டை வெட்டிவிடுகிறது. சில வேளைகளில் முழுக் கோடுமே மறைந்துவிடுகிறது. இது கோளாறா? பழைய முறைக்குத் திரும்ப முடியுமா?
– கட்டட வரைவாளர், ஈரோடு

பதில்: கோளாறு அன்று. 2021 பதிப்பில் ட்ரிம், எக்ஸ்டெண்ட் (கோட்டை நீட்டுவது) ஆகிய இரு கட்டளைகளுக்கும் ‘குயிக்’ என்னும் முறை இயல்பான அமைப்பாக வைக்கப்பட்டது. இடையிலுள்ள பதிப்புகளைப் பார்க்காமல் வந்ததால், இந்த மாற்றம் உங்களுக்குத் திடீரெனத் தெரிகிறது. முன்பு வெட்டும் விளிம்பைக் கேட்கும் இடத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் என்டர் தட்டினால், எல்லாக் கோடுகளும் விளிம்புகளாக எடுத்துக்கொள்ளப்படும் அல்லவா? புதிய முறையில் அந்த என்டரை நீங்கள் தட்டியதாகவே மென்பொருள் கருதிக்கொள்கிறது. வேறு எந்தக் கோட்டையும் சந்திக்காத கோட்டைத் தொட்டால், வெட்டுவதற்கு விளிம்பு இல்லாத காரணத்தால் அதை முழுமையாக நீக்கிவிடுகிறது. கோடு மறைந்துபோவதன் காரணம் இதுதான்.

பழைய முறைதான் வேண்டுமென்றால், கட்டளை வரியில் ‘ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட்’ என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து, அதன் மதிப்பை 1 என்பதிலிருந்து 0 ஆக மாற்றுங்கள். ஆனால் உடனே அப்படிச் செய்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. குறுக்குச் சுவர் ஒன்று வெளிச்சுவரில் வந்து முட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிஞ்சி நிற்கும் கோட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அவற்றின் மேல் ஓர் இழுப்பு இழுத்தால் எல்லாம் ஒன்றாக வெட்டுப்படும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டால் அதே கட்டளைக்குள் கோட்டை நீட்டவும் செய்யலாம். பரப்பை நிரப்பும் ஹேட்ச் கோடுகளும் அளவு காட்டும் பரிமாணக் கோடுகளும் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் மட்டும், கட்டளைக்குள்ளேயே உள்ள ‘கட்டிங் எட்ஜஸ்’ என்ற தெரிவைப் பயன்படுத்தி விளிம்பை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். சுவர் வரைபடம் வரைபவருக்குக் ‘குயிக்’ முறை மிச்சப்படுத்தும் சொடுக்குகள் ஏராளம்.

கேள்வி: 2024 பதிப்பில் சேமித்த கோப்பை, பழைய பதிப்பு வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் திறக்க முடியுமா?
– தள மேற்பார்வையாளர், திருநெல்வேலி

பதில்: அவரிடம் 2018 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருந்தால் எந்த மாற்றமும் செய்யாமல் திறக்கலாம். மென்பொருள் ஆண்டுதோறும் மாறினாலும், வரைபடங்கள் சேமிக்கப்படும் டிடபிள்யூஜி கோப்பின் வடிவம் அவ்வாறு மாறுவதில்லை. 2018இல் வந்த வடிவமே 2024இலும் தொடர்கிறது. அதற்கு முந்திய பதிப்புகளுக்கு அனுப்பும்போது ‘சேவ் ஆஸ்’ மூலம் 2013 அல்லது 2010 வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ரெஃப் கோப்புகள் (வெளியிலிருந்து இணைக்கப்படும் வரைபடங்கள்) இணைந்த வரைபடம் என்றால் ‘ஈ-டிரான்ஸ்மிட்’ கட்டளையே நல்லது. தொடர்புடைய கோப்புகளைத் திரட்டி, நீங்கள் குறிப்பிடும் பழைய வடிவத்துக்கு மாற்றி, ஒரே கட்டாகத் தந்துவிடும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு வரைபடத்தில் கதவு, ஜன்னல், மின் இணைப்புப் புள்ளிகளைக் கையால் எண்ணி எஸ்டிமேட் தயாரிக்கிறோம். புதிய பதிப்பில் இதற்கு எளிய வழி இருக்கிறதா?
– கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: 2022 பதிப்பில் அறிமுகமான ‘கவுண்ட்’ கட்டளை உங்களுக்காகவே வந்தது என்று சொல்லலாம். புதிய பதிப்புகளின் வசதிகளில் நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். மாடல் வெளியில் (வரைபடத்தை வரையும் முதன்மைப் பரப்பில்) உள்ள பிளாக்குகளை, அதாவது ஒரே பொருளாகப் பெயரிட்டுச் சேமித்த கதவு, ஜன்னல் போன்ற வடிவங்களை, வகைவாரியாக எண்ணிப் பக்கப் பலகையில் காட்டும். வேண்டிய வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையை அட்டவணையாக வரைபடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணுவதைக் காட்டிலும் மதிப்புள்ளது, அது பிழையைச் சுட்டுவது. காப்பி செய்யும்போது கை தவறி, ஒரே இடத்தில் ஒரே ஜன்னல் இரண்டு முறை அமர்ந்துவிடுவது உண்டு. திரையிலும் அச்சிலும் ஒன்றாகத்தான் தெரியும். எண்ணிக்கையிலோ இரண்டாக ஏறி, மரவேலைக்காரருக்குக் கூடுதலாக ஒரு ஜன்னல் சொல்லப்பட்டுவிடும். ‘கவுண்ட்’ பலகை இத்தகைய இரட்டிப்புக்கு எச்சரிக்கைக் குறி காட்டுகிறது. எக்ஸ்ப்ளோட் செய்யப்பட்டு வெறும் கோடுகளாகிவிட்ட பிளாக், பெயர் மாற்றப்பட்ட பிளாக் ஆகியவற்றையும் அடையாளம் காட்டுகிறது. ஆகவே அட்டவணையை இடும் முன் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சரிசெய்வது கட்டாயம். அதோடு, ஜன்னல்களைப் பிளாக்காகப் போடாமல் கோடுகளாகவே வரையும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்; இந்த வசதியின் முழுப் பயனும் அப்போதுதான் கிடைக்கும்.

கேள்வி: 2024 பதிப்பின் ‘ஸ்மார்ட் பிளாக்’ தானாகவே பிளாக்குகளைப் பொருத்திவிடுமாமே. அதை நம்பலாமா?
– உள் அலங்கார வடிவமைப்பாளர், சென்னை

பதில்: அது தானாகப் பொருத்துவதில்லை; இடத்தைப் பரிந்துரைக்கிறது. அதே வரைபடத்தில் அதே பிளாக்கை முன்பு எங்கே, எந்தக் கோணத்தில், எந்த அளவில் வைத்தீர்கள் என்பதைக் கொண்டு, அதையொத்த மூலைக்கு அருகில் கொண்டுவரும்போது பொருத்தமான நிலையைக் காட்டுகிறது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கையில். கைகழுவு தொட்டி, மேசை போன்றவற்றுக்கு இது நன்கு உதவும். கதவுகளைப் பொறுத்தவரை, கதவுப் பலகை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதே தொகுப்பில் உள்ள மாற்றீட்டு வசதியை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வாடிக்கையாளர் நாற்காலி வகையை மாற்றச் சொன்னால், பழையவற்றை ஒருங்கே தேர்ந்தெடுத்துப் புதிய பிளாக்கைக் காட்டினால் போதும். கோணமும் அளவும் பழையபடியே இருக்கும்.

கேள்வி: எங்கள் தேவைக்கு, ஆட்டோகேட்டின் வசதிகள் குறைந்த வகையான எல்டி பதிப்பு போதுமா? வரைவு வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிய பழைய லிஸ்ப் நிரல்கள் எங்களிடம் பல உள்ளன.
– வரைவு நிறுவன உரிமையாளர், சேலம்

பதில்: இருபரிமாண வரைபடங்கள் மட்டும் என்றால் இப்போது போதும். ஆட்டோகேட்டில் 1986 முதலே இருந்துவரும் ஆட்டோலிஸ்ப் நிரல்மொழி, எல்டியில் 2024 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. ஆனாலும் முப்பரிமாணக் கட்டளைகளை அழைக்கும் நிரல்கள் எல்டியில் இயங்கமாட்டா. எனவே சந்தா செலுத்தும் முன், சோதனைக்கால இலவசப் பதிப்பில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்களை ஒவ்வொன்றாக ஏற்றி இயக்கிப் பாருங்கள்.