கோண்டாவில், 1986: ஒரு கட்டுரைக்கு வந்த கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ரெலோ (தமிழீழ விடுதலை இயக்கம்) தலைவர் சிறீ சபாரத்தினத்தை 1986இல் புலிகள் கொன்றதை நம் போராட்டத்தின் முதல் தோல்வி என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ரெலோ இந்தியா சொன்னபடி ஆடிய இயக்கம்; கொள்ளையால் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தது. ஒரே தலைமை வேண்டுமென்றால் வேறு வழி இருந்ததா? நான் அப்போது பிறக்கவேயில்லை. இத்தனை காலம் கழித்து இதைக் கிளறுவதால் யாருக்கு லாபம்?

த.

அன்புள்ள தம்பி,

ரெலோவின் குற்றங்களை நான் மறைக்கவில்லை. தங்கள் தளபதி தாஸையே அந்த ஆண்டு அவர்கள் சுட்டுக்கொன்றார்கள். மக்களின் கோபம் நியாயமானதுதான். ஆனால் 1986 ஏப்ரல் 29இல் தங்கள் யாழ்ப்பாணத் தளபதி கிட்டுவின் தலைமையில் புலிகள் ரெலோவைத் தாக்கத் தொடங்கியது அந்தக் கோபத்துக்கு நியாயம் தேடியா? ஓராண்டுக்கு முன்புதான் புலிகள், ரெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் ஆகிய நான்கு ஆயுத இயக்கங்களும் ஒரே முன்னணியாக நின்றன. பூட்டானின் திம்புவில் இலங்கை அரசுடன் நடந்த பேச்சுவார்த்தையில் ஒரே கோரிக்கைகளை முன்வைத்தன.

மே 4இல் மதுரையில் டெசோ (தமிழீழ ஆதரவாளர் அமைப்பு) மாநாடு. வாஜ்பாயும் என்.டி. ராமராவும் நமக்காக மேடையேறினார்கள். அதே நாட்களில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் தமிழர் தமிழரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே கோண்டாவிலில் ஒளிந்திருந்த சிறீயைக் கண்டுபிடித்துச் சுட்டார்கள்.

சிறீக்காவது ஒரு பெயர் மிஞ்சியது. எனக்கு ஆறாதது அவருடைய இயக்கத்தில் இருந்த பிள்ளைகளின் கதை. 83 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இயக்கத்துக்கு ஓடியவர்கள். அவர்களில் பலர் மட்டக்களப்பு, திருகோணமலைப் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கை எங்கே போகும் என்றுகூடத் தெரியாது. கதவைத் தட்டி ஒளிய இடம் கேட்க உறவு இல்லை. நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். சந்திகளில் ரயர் போட்டு உடல்களை எரித்தார்கள். சுட்டவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். அடைக்கலம் கொடுத்த வீடுகளும் இருந்தன, அவற்றையும் சொல்லவேண்டும்.

ஒரே தலைமை என்கிறீர்கள். அது டிசம்பரில் ஈபிஆர்எல்எஃபையும் தாக்கியது. 1989இல் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தையும், 1990இல் சென்னையில் ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபாவையும் கொன்றது. ‘துரோகி’ என்ற சொல்லை ஒருமுறை தீர்ப்பாக ஏற்றுக்கொண்டோம். பிறகு அது யாரைக் குறிக்கும் என்று முடிவு செய்யும் உரிமை நம்மிடம் இருக்கவில்லை.

யாருக்கு லாபம் என்று கேட்டீர்கள். எனக்கு இது லாபக் கணக்கு அல்ல, தம்பி. கல்வியங்காட்டிலோ கோண்டாவிலிலோ அந்த நாட்களில் இருந்த பெரியவர் யாராவது உங்கள் உறவில் இருந்தால், என் கட்டுரையை ஒதுக்கிவைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள். அதை அப்படியே வெளியிடுகிறேன்.