டிராவல் டிரெய்லரை உயர்த்துவதும் பெரிய டயரும்: கேள்வி பதில்

டெக்சாஸிலிருந்து: என்னுடையது இரட்டை ஆக்சில் டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நகரும் வீடு). எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்யும் ரகம்) 205/75 ஆர் 15 டயரைக் கழற்றிவிட்டு 225/75 ஆர் 15 போடலாமா?

விட்டம் சுமார் 27.1 அங்குலத்திலிருந்து 28.3 ஆகும். டிரெய்லர் உயர்வது அதில் பாதி, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். உயரத்துக்காக என்றால் வீண் செலவு. தாங்கும் எடைதான் உண்மையான லாபம்: ஒரு டயருக்கு 205 டி ரகம் 2,150 பவுண்டு, 225 ஈ ரகம் 2,830 (டி, ஈ என்பது சுமை ரகம், ஈ அதிகம் தாங்கும்). ஆனால் ஈ ரகத்துக்கு 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று வேண்டும். உங்கள் ரிம் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி டயர் மேலே ஏறும். முழுச் சுமையோடு டயருக்கு மேல் 3 அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் தரைத் தகட்டைக் கிழித்து, மேலே போகும் வயரையும் இழுத்துவிடும். ஆக்சில்களுக்கு நடுவே 33 அங்குலம் என்றால் டயர்களுக்கு நடுவே 4.7 தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் முன்னால் டிரெய்லரை எடை போடுங்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் (CAT) என்ற பெயரில் வண்டி எடைமேடை இருக்கிறது. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஓரிகனிலிருந்து: ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பினால் 5 அங்குலம் உயருமாமே?

வேண்டவே வேண்டாம். ஆக்சில் குழாய் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், சுமை ஏறியதும் நேராகும். அதைத் திருப்பிப் போட்டால் டயரின் உள்பக்கம் தேய்ந்து தீரும். ஆக்சில் அப்படியே இருக்கட்டும். குழாய்க்குக் கீழே தொங்கும் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை ஸ்பிரிங்கை) குழாய்க்கு மேலே மாற்றுவதுதான் சரியான முறை. குழாயின் மேல்பக்கத்தில் புது ஸ்பிரிங் இருக்கை வேண்டும். ஸ்பிரிங் ஏற்கனவே மேலே இருந்தால் இந்த வழி கிடையாது. அப்போது ஃபிரேமுக்கும், ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கருக்கும் நடுவே சதுரக் குழாய் வைத்து வெல்டிங். ஹேங்கர்களுக்குக் குறுக்குத் தாங்கல் கொடுக்காமல் விட்டால், வளைவில் பக்கவாட்டு இழுப்பு வந்து பிய்த்துவிடும். வீட்டு இரும்புக் கதவு செய்யும் வெல்டரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

உயர்த்தியதும், இழுக்கும் வண்டியில் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தையும் உயர்த்தி டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள். மூக்கு தாழ்ந்தால் முன் ஆக்சிலில் சுமை கூடும்.

கொலராடோவிலிருந்து: என்னுடையது டார்ஷன் ஆக்சில், அதே வழியா?

இல்லை. டார்ஷன் ஆக்சிலில் குழாய்க்குள் இருக்கும் ரப்பர்தான் அதிர்வைத் தாங்கும், மாற்ற லீஃப் ஸ்பிரிங்கே கிடையாது. ஆக்சில் தயாரிப்பாளர் தரும் உயர்த்தும் கிட் வாங்குங்கள்.

மிச்சிகனிலிருந்து: 225/75 ஆர் 15 எனக்கும் பொருந்துமா?

முதல் பதில்.

ஒஹாயோவிலிருந்து: 16 அங்குல ரிம்?

எடை போட்டீர்களா? போட்டுவிட்டு வாருங்கள்.

அரிசோனாவிலிருந்து: எஸ்.டி. டயர் எல்லாம் வெடிக்கும் குப்பை அண்ணா. எல்.டி. (லைட் டிரக் டயர்) போடச் சொல்லுங்கள்.

வந்துவிட்டதா இந்தச் சண்டை! எஸ்.டி. 235/80 ஆர் 16 ஈ ரகம் 3,420 பவுண்டு தாங்கும். கிட்டத்தட்ட அதே அளவு எல்.டி. 235/85 ஆர் 16 ஈ ரகம் 3,042 தான். எடை போட்டுப் பார்த்து, அதற்குள் தாராளமாக அடங்கினால் எல்.டி. போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அடங்காமல் போடுவது முட்டாள்தனம்.

அதே அரிசோனா: என் எல்.டி. 8 வருடம் ஓடியது. நண்பரின் எஸ்.டி. 2 வருடத்தில் வெடித்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நண்பர் எவ்வளவு காற்று வைத்திருந்தார், எந்த வேகத்தில் போனார்? பழைய எஸ்.டி. டயர்கள் பல மணிக்கு 65 மைலுக்குத்தான் செய்யப்பட்டவை. காற்றுக் குறைவு, அதிகச் சுமை, வேகம் மூன்றும் சூட்டைக் கிளப்பும், சூடுதான் டயரைக் கொல்லும். 8 வருடம் ஓடியதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். டயர் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள், அதுதான் டயர் செய்த தேதி: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 6 வருடம் தாண்டினால் தேயாவிட்டாலும் கழற்றுவேன்.

நியூ ஜெர்சியிலிருந்து: உயர்த்திய பிறகு படி எட்டவில்லை சார். ஊரிலிருந்து வந்த அம்மா ஏற முடியாமல் நிற்கிறார்.

கீழே ஒரு தனிப் படி வையுங்கள், கைப்பிடி பொருத்துங்கள். அப்புறம் புது டயர் போட்டிருந்தால் 10, 25, 50 மைலில் சக்கர நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள்.