சீன அமெரிக்க வீடுகளின் பண்டிகைகள்: கேள்வி பதில்

சான்பிரான்சிஸ்கோவில் இருபத்திரண்டு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். என் மாணவர்களில் பாதிப்பேர் சீன அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் வீடுகளில் உண்டும் கேட்டும் அறிந்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஃப்ரீமான்ட் வாசகி: மகளின் சீனத் தோழி வீட்டில் புத்தாண்டு விருந்து. அந்தப் பெண்ணுக்கு 101 டாலர் கொடுக்கலாமா?

வேண்டாம். மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைப்பது நமக்கு மங்கலம். தென்சீனத்துக் கான்டனீஸ் மக்கள் வழக்கத்தில் ஒற்றைப்படைத் தொகை, வெள்ளை உறையில் இட்டுச் சாவு வீட்டில் கொடுப்பது. சிவப்பு உறையில், இரட்டைப்படையில், மடிப்பில்லாத புதுத் தாளாக வையுங்கள். நான்கைத் தவிருங்கள், அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்தது. பிள்ளைகள் இரு கைகளாலும் வாங்குவார்கள், கொடுத்தவர் எதிரில் பிரிக்க மாட்டார்கள். தொகை சிறியதாக இருப்பதே அழகு.

டப்ளின் வாசகர்: புத்தாண்டுக்கு அவர்கள் என்ன சமைப்பார்கள்?

எந்த ஊரார், எப்போது வந்தவர்கள் என்று முதலில் கேளுங்கள். தங்கம் தேடியும் இரயில் பாதை போடவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்களில் பெரும்பாலோர் குவாங்டுங் மாகாணத்தினர். அவர்களின் வழித்தோன்றல்கள் வீட்டில், அரிசி மாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு எண்ணெயில் வறுத்த பலகாரம் இருக்கும். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையை அடைத்தது. 1943இல் அது நீங்கினாலும், 1965ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே தைவான், ஹாங்காங் குடும்பங்களும் பின்னர் சீனப் பெருநிலத்தவரும் பெருமளவில் வந்தனர். வடபகுதிக் குடும்பங்களில் ஆண்டிறுதி இரவில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, இறைச்சிப் பூரணம் வைத்த கொழுக்கட்டை பிடிப்பார்கள். சில வீடுகளில் ஒன்றனுள் நாணயம் ஒளிந்திருக்கும் என்பதால் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு உண்பார்கள். முழு மீன் பல வீடுகளிலும் உண்டு. மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி. எனவே வேண்டுமென்றே கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். தட்டைக் காலி செய்யாதே என்று பெரியவர்களே சொல்லும் ஒரே நாள் அது என்றான் என் மாணவன் ஒருவன்.

ஆஸ்டின் வாசகர்: தேதி ஏன் மாறுகிறது?

யுகாதி மாறும் அதே காரணம்தான்: சந்திர மாதங்கள், இடையிடையே ஓர் அதிக மாதம். 2025இல் ஜனவரி 29, 2026இல் பிப்ரவரி 17.

நியூ ஜெர்சி வாசகர்: "சந்திரப் புத்தாண்டு" என்பது அண்மைய நாகரிகம். "சீனப் புத்தாண்டு" என்பதே சரி.

வீட்டில் நீங்கள் சொல்வதே பெருவழக்கு. சான்பிரான்சிஸ்கோ ஊர்வலத்தின் பெயரும் அதுதான். ஆனால் என் வகுப்பில் டெட் என்னும் தம் புத்தாண்டைக் கொண்டாடும் வியட்நாமியப் பிள்ளையும் "சொல்லால்" என்னும் தம் புத்தாண்டைக் கொண்டாடும் கொரியப் பிள்ளையும் இருந்தார்கள். கலிஃபோர்னியா 2023 முதல் சந்திரப் புத்தாண்டு என்ற பெயரிலேயே அதை மாநில விடுமுறையாக ஏற்றுள்ளது.

அதே வாசகர்: நாட்காட்டி சீனர்களுடையது. மற்றவர்கள் கடன் வாங்கியவர்கள்.

கடன் வாங்கியவர்கள் தமதாக்கிக் கொண்டார்கள். ஆண்டுகளுக்கு விலங்குப் பெயரிடும் வரிசையில் சீனர்களின் முயல் ஆண்டு வியட்நாமில் பூனை ஆண்டு. நேர மண்டல வேறுபாட்டால் 1985இல் டெட் ஒரு மாதம் முன்னரே வந்தது. "சந்திர" என்பதும் துல்லியமன்று, அதிக மாதம் சூரியனுக்காகச் சேர்ப்பது என்று நீங்கள் வாதிட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். சீன வீட்டில் சீனப் புத்தாண்டு என்று வாழ்த்துங்கள், வகுப்பறையில் பொதுப் பெயரைச் சொல்லுங்கள். இதை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

சான் ஹோசே வாசகி: 51 டாலர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஓக்லாந்து வாசகி: சிறு பிள்ளைகளைக் கல்லறைக்கும் அழைத்துச் செல்வார்களாமே?

ஆம். ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும், முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து வணங்கும் சிங்மிங் நாளை ஒட்டி, நகருக்குத் தெற்கே கோல்மாவிலுள்ள கல்லறைத் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகச் செல்வார்கள். பிள்ளைகள் கல்லைத் துடைத்து, ஆரஞ்சுப் பழம் அடுக்கி, மூன்று முறை தலைவணங்குவார்கள். பிறகு படைத்த கோழியை எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். கொள்ளுத் தாத்தாவின் பெயரைச் சீன எழுத்தில் அங்குதான் முதன்முதலில் பார்த்ததாகப் பல பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கும் ஊரையும் தலைமுறையையும் கேளுங்கள்; அண்மையில் வந்தவர்களுக்கு இந்நாட்டில் கல்லறையே இராது.

சியாட்டில் வாசகர்: நிலா விழாவுக்கு மூன்கேக் என்னும் பூரணம் வைத்த பலகாரம் எங்கே வாங்கலாம்?

கடைகளைப் பற்றிச் சீனத் தோழர்களைக் கேளுங்கள். உள்ளே உப்பிட்ட வாத்து முட்டைக் கரு இருக்கலாம் என்பதைச் சைவர்கள் கவனிக்கவும்.

டாலஸ் வாசகர்: 11 டாலர் சிறிய தொகைதானே?

பத்து கொடுங்கள்.