உடல் பருமனாக இருக்கும் பெண் தாதியர் வேலையில் நிலைக்க முடியுமா?

முடியும். தனியார் மருத்துவமனையில் தகுதிகாண் காலம் முடிந்த பிறகும் உங்கள் வேலையை உறுதிப்படுத்தவில்லை, "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று மேட்ரன் (தலைமைத் தாதி) சொல்லிவிட்டார் என்று கேள்வியின் கீழே எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உங்களுக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும் என்று நினைக்கிறேன். பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கும். வீட்டில் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் சொன்னால் அவர்களும் "சோற்றைக் குறை" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஓர் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தாதி. மையத்தின் பெயர் வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மகாத்மா காந்தி கலாசாலையில் படித்து, தாதியர் பயிற்சி முடித்து, பிறகு சிறுநீரக நோயாளிகளைக் கவனிப்பதற்கான சிறப்புப் பயிற்சியும் பெற்றவள். சிறு வயதிலிருந்தே என் உடல்வாகு பெரியது. என் அம்மாவுக்கும் அப்படித்தான். அவர் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, எங்களை ஆளாக்கியவர். அவருடைய உடம்பைப் பார்த்து வேலைக்கு லாயக்கில்லை என்று எந்தக் கங்காணியும் சொன்னதில்லை.

எங்கள் வேலையில் எடைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தேங்கும். வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருப்பார். வந்ததும் தராசில் ஏறுவார். நீர் தேங்காத நிலையில் அவருடைய எடை என்னவாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் குறித்து வைத்திருப்பார். இன்றைய எடையில் அதைக் கழித்து, எவ்வளவு நீரை எடுப்பது என்று நாங்கள் கணக்கிடுவோம். கணக்குத் தப்பி அதிகமாக எடுத்துவிட்டால் காலில் தசை பிடித்து இழுக்கலாம், இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கலாம், ஆள் மயங்கலாம். சிகிச்சை முடிந்ததும் மறுபடி தராசு. எடை என்ற எண்ணை அலட்சியமாக நினைப்பவள் இல்லை நான். அந்த எண்ணை வைத்துத்தான் என் நோயாளிகளின் உயிரைக் காக்கிறேன்.

நிர்வாகம் கைமாறி, புதிய மேலாளர் வந்தார். ஒரு காலை நேரத்தில், நோயாளிகள் தராசுக்கு வரிசையில் நிற்கும்போது, "நீங்களும் ஏறுங்கள், பார்ப்போம்" என்றார். எல்லார் முன்னாலும் ஏறினேன். அவர் குனிந்து எண்ணைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். வரிசையில் நின்ற ஓர் அம்மா சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், என் அவமானத்தைப் பார்க்கக் கூடாது என்று. அந்த மரியாதையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவருக்கு அடுத்து நின்ற பெரியவர், ஹீவூட் தோட்டத்தில் காலமெல்லாம் மரம் வெட்டியவர், "அந்த மிஸ்ஸி ஊசி குத்தினால்தான் எனக்கு வலிக்காது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். மிஸ்ஸி என்றால் இங்கே தாதி. மேலாளர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு சீருடை. பெரிய அளவு கையிருப்பில் இல்லை, தனியாக ஆர்டர் செய்ய முடியாது என்றார்கள். என் காசில் துணி வாங்கி, ஊரில் உள்ள தையல்காரரிடம் தைத்துக்கொண்டேன். நீலம் ஒரு மாற்று வெளுப்பாக அமைந்துவிட்டது. புது நிர்வாகம் நடத்திய திறப்பு விழாவன்று, நிறம் ஒத்துவரவில்லை என்று படம் பிடிக்கும்போது என்னைப் பின்னறைக்கு அனுப்பினார்கள். பொறுப்புத் தாதி பதவி காலியானபோது, சிறப்புப் பயிற்சி இல்லாத, எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். அவர் நல்ல பெண், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. காரணம் கேட்டபோது வந்த பதில்: "நோயாளிகளுக்கு நாம் முன்மாதிரியாக இருக்க வேண்டும்."

அதே வாரம், ஒரு கால் எடுக்கப்பட்ட நோயாளியைச் சக்கர நாற்காலியிலிருந்து படுக்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. நல்ல கனமான மனிதர். தூக்கும் கருவி எங்களிடம் இல்லை. யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? "அக்கா, நீங்கள் வாருங்கள், உங்களுக்குத்தான் பலம் இருக்கிறது." போனேன், தூக்கினேன், என் முதுகு இன்றும் வலிக்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவருக்கான எல்லை சுமார் 16 கிலோ. எங்கள் மையத்தில் அந்த எல்லையை யாரும் பேசியதில்லை. பாரம் தூக்க என் உடம்பு வேண்டும், பதவி உயர்வுக்கு மட்டும் அதே உடம்பு தடை. என் வயிற்றெரிச்சல் இதுதான்.

உடல் பருமன் உடம்புக்கு நல்லது என்று நான் எழுதுகிறேன் என்று யாரும் மறுமொழியில் கிளம்ப வேண்டாம். நம் நாட்டில் புதிதாக இயந்திரத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது நீரிழிவால். அவர்களைத் தினமும் தொட்டுப் பார்ப்பவள் நான், எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். இரவு ஷிப்டும் நேரந்தவறிய சாப்பாடும் எடையைக் கூட்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். அந்த ஷிப்டைப் போடுகிற நிர்வாகமே எடைக்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் மேட்ரன் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23தான் எல்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசியர்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகள் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பொதுச் சுகாதார நடவடிக்கைகளுக்காகச் சொன்னவை. ஒருவரால் ஊசி குத்த முடியுமா, ஓட முடியுமா, உயிர்காப்பு முதலுதவி செய்ய முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் வேலையைச் செய்யச் சொல்லிச் சோதிக்கட்டும்.

சட்டத்தைப் பற்றி ஆசை காட்டி ஏமாற்ற விரும்பவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1976இல் இயற்றிய சட்டம் எடையைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. நியூயார்க் நகரமும் 2023இல் அப்படிச் சட்டம் இயற்றியது. நமக்கு அப்படி இல்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் என்று பட்டியலிடுகிறது, எடை அதில் இல்லை. ஆனால் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு குறித்து ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையில் தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். பாகுபாடு என்றால் இன்னது என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அதனால் எடை என்று சொல்லி உள்ளே போகக் கதவு அடைக்கப்படவில்லை. நீங்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

நான் அந்த அளவுக்குப் போகவில்லை. பொறுப்புத் தாதி பதவிக்கு என்ன தகுதி, எடை அதில் ஒன்றா என்று எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். பதில் கடிதம் வரவே இல்லை. பதவியும் வரவில்லை. ஆனால் சரியான நீலத்தில், என் அளவில், இரண்டு சீருடைகள் வந்தன. தராசுப் பேச்சும் அதோடு நின்றது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள் தாளில் எழுதக் கேட்டால் தயங்குகிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்மாதிரி, முன்மாதிரி என்கிறார்களே, எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்தும் டோவன்பி பக்கமிருந்தும் வருகிற நோயாளிகளுக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்யக் கூடாதா? சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவி கிடைப்பவருக்குக்கூட வண்டிக்கூலி கையைக் கடிக்கிறது. விடியற்காலையில் ஓர் அம்மாவை அவர் மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவான். சிகிச்சை முடிந்து தலை சுற்றலோடு, ஊசி குத்திய கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மா வாசல் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார். வண்டி வேண்டும் என்று கூட்டத்தில் எத்தனை முறை பேசினாலும் காதில் ஏறுவதில்லை.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியது: மேட்ரன் சொன்னதைத் தேதி, இடம், உடனிருந்தவர் பெயரோடு எழுதி வையுங்கள். பிறகு, உறுதிப்படுத்தாததன் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நியமனக் கடிதத்தில் எடையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் நீட்டுகிற எந்த ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் எழுதத் துணை வேண்டுமானால் இங்கேயே கேளுங்கள், நான் எழுதித் தருகிறேன்.