டயாலிசிஸும் பக்கவாதமும்: சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

கே: அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குப் பக்கவாதம் அதிகம், ஜப்பானிலும் அப்படித்தான் என்று படித்தேன். டயாலிசிஸில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? (சூரமங்கலம்)

ப: கூடாது. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு முதல் பக்கவாதம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தென்கிழக்கு மாநிலங்களில் எல்லோருக்குமே அதிகம். அந்தப் பகுதிக்கு ‘ஸ்ட்ரோக் பெல்ட்’ என்றே பெயர். ஆனால் டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்களை மட்டும் பார்த்தால் அந்த இன வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. சிறுநீரகம் போனபின் யாராக இருந்தாலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு.

ஜப்பான், தைவான் பக்கம் பக்கவாதத்தில் மூளை ரத்தக்கசிவின் பங்கு மேற்கு நாடுகளைவிட அதிகம். வெள்ளையருக்குக் கழுத்து ரத்தக்குழாய் அடைவது அதிகம் என்றால், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு மூளைக்குள் இருக்கும் குழாயே சுருங்குகிறது. போதாததற்குச் சர்க்கரை நோயும் நமக்கு ஐந்து, பத்து வருடம் முன்னதாக வருகிறது. இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது?

கே: அப்பாவுக்கு டயாலிசிஸ். ஸ்ட்ரோக் வருமா? (ஓமலூர்)

ப: வயது எழுதவில்லை, பிரஷர் எழுதவில்லை, டயாலிசிஸ் ஆரம்பித்து எத்தனை நாள் என்றும் எழுதவில்லை. நான் எதை வைத்துச் சொல்வது? ஆரம்பித்த முதல் மாதம்தான் மிக ஆபத்தான காலம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். தினமும் பிரஷரையும் எடையையும் நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு கேளுங்கள்.

கே: நாங்கள் ஏற்காடு. அத்தைக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் சேலத்தில். மலைக்காரர்களுக்குப் பக்கவாதம் வராது என்கிறார்கள். அப்படியே ராத்திரியில் வந்தாலும், விடிந்தபின் கீழே இறங்கினால் போதுமா?

ப: போதாது, போதாது. மலைக்காரர் உடம்புக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. உங்களுக்கும் சேலத்துக்காரருக்கும் உள்ள வித்தியாசம் 20 கொண்டை ஊசி வளைவும் ஒரு மணி நேரமும்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இறங்குவதற்கே ஒரு மணி நேரம், சி.டி. ஸ்கேனுக்கு இன்னும் கொஞ்சம். விடியும்வரை காத்திருந்தால் என்ன மிஞ்சும்?

எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. மலையிலிருந்து ஒருவரைக் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய இரவு எட்டு மணிக்கே காபி டம்ளர் கையிலிருந்து நழுவியதாம். வலது கையில் முழங்கை வரை புறா ரத்தம் பூசி, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்கேனில் அடைப்பு. ஊசிக்கான நேரம் எப்போதோ போய்விட்டது. டம்ளர் விழுந்தபோதே கிளம்பியிருந்தால் பத்து மணிக்குள் ஊசி போட்டிருப்போம். புறா ரத்தமும் தைலமும் மூளைக்குழாய் அடைப்பைத் திறக்காது. எத்தனை முறை எழுதினாலும் யாராவது பூசிக்கொண்டுதான் வருகிறார்கள்.

வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. சர்க்கரை குறைந்தாலும் இப்படி ஆகும். குளுக்கோமீட்டர் இருந்தால் வண்டி வருவதற்குள் பாருங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கடைசி டயாலிசிஸ் எப்போது முடிந்தது, அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போட்டார்களா என்பதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் அந்த ஊசியைப் போட எந்த டாக்டரும் துணியமாட்டார்.

கே: ஹீமோகுளோபினை 14 வரை ஏற்றினால் தெம்பு வருமா? (ஆத்தூர்)

ப: வேண்டாம். 10, 11 போதும். 2009-ல் வந்த ட்ரீட் ஆய்வில், சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்து இன்னும் டயாலிசிஸுக்கு வராதவர்களுக்கு 13-ஐ இலக்காக வைத்து ஹீமோகுளோபினை ஏற்றும் ஊசி போட்டார்கள். பக்கவாதம் ஏறக்குறைய இரட்டிப்பானது.

கே: டயாலிசிஸில் பிரஷர் இறங்குகிறது என்று மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே? (அம்மாபேட்டை)

ப: தவறு. எந்த மாத்திரையை டயாலிசிஸ் அன்று தள்ளிப் போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நோட்டில் எழுதுங்கள்.

கே: தட்டுவடை செட் சாப்பிடலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

ப: தட்டுவடையிலும் உப்பு, சட்னியிலும் உப்பு, பீட்ரூட், கேரட்டில் பொட்டாசியம் வேறு. உப்பு ஏறினால் தாகம், தாகத்தில் தண்ணீர், அப்புறம் பிரஷர். மாதம் ஒருமுறை, ஒரே ஒரு செட். அதுவும் சனி, ஞாயிறில் வேண்டாம். அடுத்த டயாலிசிஸுக்கு இடைவெளி அப்போதுதான் நீளம்.