எச்-4இல் ஆன்லைன் எலக்ட்ரானிக்ஸ் படிப்பு: லேப் உண்டா என்று கேளுங்கள்

தம்பி, மனைவியின் எச்-1பி விசா வேலைக்காக, துணைவருக்கான எச்-4 விசாவில் டெக்சாஸ் வந்திருக்கிறீர்கள். சும்மா இருக்கும் நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்கில் இரண்டு வருட ஆன்லைன் பட்டம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஓஹையோவில் அந்தப் படிப்பை முடித்தவன்.

எச்-4இல் தாராளமாகப் படிக்கலாம். வேலைக்குத்தான் தனி அனுமதி, அதாவது ஈஏடி, வேண்டும். பெரும்பாலும் மனைவியின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அப்ரூவ் ஆன பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

இந்தப் பட்டம் நம் ஊர் பி.இ. மாதிரி இல்லை. சுமார் 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) கொண்ட அசோசியேட் டிகிரி, ஏறக்குறைய பாலிடெக்னிக் டிப்ளமோ போல. படித்தால் டெக்னீஷியன் வேலைக்குப் போகலாம். பின்னால் நாலு வருடப் பட்டமாக நீட்டிக்க நினைத்தால், எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை கிரெடிட்டை ஏற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பொறியியல், தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று ஏபெட் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

இவற்றைவிட முக்கியம் லேப். எனக்கு வந்த லேப் கிட் பெட்டியில் பாகங்களைச் சொருகிச் சர்க்யூட் அமைக்கும் பிரெட்போர்டு, ரெசிஸ்டர்கள், ஒரு மல்டிமீட்டர் இருந்தன. பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பேன். ஒரு ராத்திரி எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரை பிளஸ் மைனஸ் மாற்றிச் சொருகிவிட்டேன். பட்டென்று வெடித்துப் புகை வந்தது. பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதன் உடம்பில் உள்ள கோடுதான் மைனஸ் பக்கம் என்பது அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது.

படிப்பு முடிந்து முதல் இன்டர்வியூவில் ஓடாத ஒரு பவர் சப்ளை போர்டையும், மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பையும் முன்னால் வைத்தார்கள். திரையில் பாடமாக எத்தனையோ அலைவடிவம் பார்த்தவன்தான். ஆனால் அளப்பதற்கான புரோபின் கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டுவது என்று கை தயங்கியது. அந்த வேலை கிடைக்கவில்லை. அப்புறம் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் சனிக்கிழமை லேப் வகுப்பு ஒன்றில் சேர்ந்து, கை பழகிய பிறகே வேலை அமைந்தது.

அதனால் தியரியை ஆன்லைனில் படித்து, லேப்புக்கு மட்டும் நேரில் போகும் படிப்பு உங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜில் இருந்தால் அதையே எடுங்கள். எச்-4க்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் வரும். முழுக்க ஆன்லைன்தான் முடியும் என்றால், கிட்டில் என்னென்ன தருவார்கள் என்ற பட்டியலை வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.